கர்க்லாண்ட் ரூட்டும் கரண்ட் வானும்

எங்கள் கொம்பனி பெற்றோல் வான்களை விற்றுவிட்டுக் கரண்டில் ஓடும் வான்களை இறக்கியபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். அது கோடைகாலம். சத்தமில்லை, மணமில்லை, பெற்றோல் நிலையத்தில் மறிபட்டு நிற்கத் தேவையில்லை. புவாண்ட்-கிளேரில் உள்ள டிப்போவில் பார்சல்களை ஏற்றிக்கொண்டு கர்க்லாண்டின் அமைதியான வீதிகளில் வீடு வீடாக இறக்கிக்கொண்டு போனால் பின்னேரம் வீடு திரும்பும்போது உடம்பில் களைப்பே தெரியாது. இந்த வேலையை எனக்குக் கொடுத்தது கடவுள்தான் என்றுகூட ஒருநாள் மனைவியிடம் சொன்னேன்.

கடவுளுக்கு மொன்றியலின் தை மாதம் தெரியாது போலிருக்கிறது.

குளிர் இறுகத் தொடங்கியதும் என் வான் தன் குணத்தைக் காட்டியது. காலையில் ஏறி இருந்தால் பற்றரி முழுதாக நிறைந்திருக்கிறது என்று காட்டும். நெடுஞ்சாலையைத் தாண்டிக் கர்க்லாண்டுக்குள் நுழைவதற்குள் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகிவிடும். ஹீற்றரைப் போட்டால் அது இன்னும் வேகமாகக் குடிக்கும். ஆகவே நான் ஹீற்றரைப் போடுவதில்லை. இரண்டு சோடி காலுறை, இரண்டு கையுறை, காதை மூடிய தொப்பி, அதற்கு மேல் ஜாக்கெற்றின் தொப்பி. என் மூச்சே கண்ணாடியின் உட்பக்கத்தில் ஐஸாகப் படியும். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் ஒரு பழைய பிளாஸ்ரிக் கார்ட்டால் அதைச் சுரண்டுவேன். பார்சலை ஸ்கான் பண்ணும் மெசினோ கையுறை போட்ட விரலை மதிக்காது. கழற்றினால் விரல் விறைக்கும், விறைத்த விரலையும் அது மதிக்காது. வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து "மெர்சி" சொல்லும்போது உள்ளேயிருந்து ஒரு சூடான காற்று முகத்தில் படும். அந்தக் காற்றுக்காகவே சில வீடுகளில் கையெழுத்துத் தேவையில்லாத பார்சலுக்கும் மணியடித்திருக்கிறேன்.

குளிரைக்கூடப் பொறுக்கலாம். எனக்கு இருந்த பிரச்சினை பின்னேரம் ஆறு மணி. எங்கள் மகளை விட்டுப் பார்க்கும் கார்டரி, பிள்ளைகள் காப்பகம், அந்த நேரத்துக்குக் கதவைப் பூட்டிவிடும். மனைவிக்கு டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை. மத்தியானம் பிள்ளையை விட்டுவிட்டு அவள் போவாள், வேலை முடிந்து நான் போய்க் கூட்டிவர வேண்டும். உதவிக்கு ஆளில்லை. அக்கா குடும்பம் நகரத்தின் மறுபக்கம். கார்டரியில் இடம் எங்களுக்குக் கிடைத்ததே பெரும்பாடு. பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்து காத்திருந்து, பிள்ளை நடக்கத் தொடங்கிய பிறகுதான் கூப்பிட்டார்கள். மார்கழியில் ஒருமுறை பிந்தினேன், தையில் இன்னொரு முறை. இரண்டாம் முறை கார்டரியின் பொறுப்பாளர் அம்மா சிரித்த முகத்தோடு, வலிக்காத குரலில், இன்னொருமுறை இப்படி நடந்தால் இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிவரும் என்றார். இந்த ஊரில் கெட்ட செய்தி எல்லாம் சிரித்த முகத்தோடுதான் வரும். இடம் போனால் மனைவி வேலையை விடவேண்டும். ஊரிலிருந்து வந்த பிறகு அவளுக்குப் பிடித்து அமைந்த முதல் வேலை அது.

சூப்பர்வைசரிடம் போய் முறையிட்டேன். அவர் இளம் ஆள், நல்லவர், இந்த ஊர்க்காரர். கொம்பியூற்றரைத் திருப்பிக் காட்டினார். அதே மாதிரி வான், அதே குளிர், மற்ற எல்லோரும் ரூட்டை முடித்துவிட்டு நேரத்துக்கு வருகிறார்கள். சூடான நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஹீற்றர் பழக்கம் இருக்கும், அது இயற்கைதான், ஆனால் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள் என்று தன்மையாகச் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் அந்த அறையின் குளிரே போய்விட்டது. ஹீற்றரைத் தொடாமல் விறைத்துச் சாகிறவனிடம் ஹீற்றரைக் குறை என்கிறார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. பிரெஞ்சில் சண்டை பிடிக்கத் தெரியாததால் ஆமாம் போட்டு, "உய், உய்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகு பாதி ரூட்டில் வேலையை நிறுத்திவிட்டுக் கடைத்தொகுதிக்குப் பக்கத்தில் உள்ள சார்ஜ் பண்ணும் இடத்துக்குப் போவது வழக்கமாயிற்று. அங்கே எனக்கு முன்பே கார்கள் நிற்கும். முறை வந்தாலும் குளிர்ந்த பற்றரி கரண்டை இலேசில் வாங்காது, காய்ச்சல்காரப் பிள்ளை கஞ்சி குடிப்பதுபோலத் துளித் துளியாக ஏறும். நான் மணியைப் பார்ப்பேன், வானைப் பார்ப்பேன், வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக் கொம்பனியைத் திட்டுவேன். தமிழில் திட்டுவதால் ஒருவருக்கும் பாதகமில்லை.

இனி அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவின் கணவர். டிப்போவில் இரவு வேலை. வான்கள் வந்து நின்றதும் வயர்களைக் கொழுவுவது, முற்றத்தில் பனி தள்ளுவது, உப்புப் போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. அந்த வேலைக்கு அவரைச் சேர்த்துவிட்டதே நான்தான். சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாதபோது சனங்கள் கார் பற்றரியில் ரேடியோ கேட்டார்கள், படம் பார்த்தார்கள். அந்தப் பற்றரிகளை ஜெனரேற்றர் வைத்துச் சார்ஜ் பண்ணிக் கொடுக்கும் கடை அத்தானுடையது. பற்றரி என்ற சொல்லை யாராவது சொன்னால் போதும், மனிதர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். நிறைந்த பிறகும் வயரைக் கழற்றாமல் விட்டால் உள்ளே தண்ணீர் கொதித்து வற்றிவிடும், தகடு வளைந்துவிடும், பேந்து அது குப்பைக்குத்தான் என்பார். அக்கா இதை எத்தனை முறை கேட்டிருப்பாளோ, பாவம்.

மாசி மாதத்தில் ஒருநாள் பெரும் பனி கொட்டப்போகிறது என்றதால் விடியமுன் டிப்போவுக்குப் போனேன். வழக்கமாக நான் போகும் நேரம் எல்லா வான்களின் வயரும் கழற்றியிருக்கும், அன்று மற்ற வான்கள் எல்லாம் வயரோடு நின்றன. அவற்றின் அடியிலிருந்து மெல்லிய இரைச்சல் வந்தது. என் வான் மட்டும் சத்தமில்லாமல் நின்றது. அதன் வயர் வடிவாகச் சுருட்டிக் கொழுக்கியில் தொங்கியது. அத்தான் பனி தள்ளிக்கொண்டு நின்றார். என் வானை யார் கழற்றியது என்று கேட்டேன்.

"நான்தான். நிறைஞ்ச உடனை கழட்டிப்போடுவன். உன்ரையைத்தான் முதல் போய்ப் பாப்பன். மற்றதுகள் நேரம் கிடைச்சால்தான்."

வான்களைத் தந்தபோது ஒரு ஆள் வந்து பாடம் எடுத்தது அப்போதுதான் நினைவில் வந்தது. குளிர்காலத்தில் புறப்படும் வரை வயரைக் கழற்றாதீர்கள், நிறைந்த பிறகு அது கரண்டைத் தானே நிறுத்திக்கொள்ளும், பிறகு சுவர்க் கரண்டில் பற்றரியைச் சூடாக வைத்திருக்கும் என்று சொன்னார். மற்றவர்களின் வான் இரவெல்லாம் போர்வைக்குள் படுத்திருந்தது. என்னுடையதை என் சொந்த அத்தான் பாசத்தோடு போர்வையை இழுத்து எறிந்து பனியில் போட்டிருக்கிறார். மாதக்கணக்காக நான் திட்டிய திட்டெல்லாம் வேறு விலாசத்துக்குப் போயிருக்கிறது.

அக்காவின் கணவரை எப்படி ஏசுவது? எங்கள் வீட்டில் அத்தானுக்கு முன் நான் குரல் உயர்த்தியதே இல்லை. அதனால் பழியைத் தூக்கிக் கொம்பனியின் தலையில் போட்டேன். விடியும்வரை கழற்றக்கூடாது என்று அவர்கள் சட்டம் வைத்திருக்கிறார்கள் என்றேன். அத்தான் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அவங்களுக்கு என்ன தெரியும், சட்டம் போடுறவங்கள் வானையும் பற்றரியையும் சொந்தக் காசிலையோ வாங்கினவங்கள் என்று முணுமுணுத்தார். பிறகு "ஓம், ஓம்" என்றார்.

வீட்டில் மனைவியிடம் முழுக்கதையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"வடிவாச் சொன்னீங்களோ? உங்களுக்கு அத்தானைக் கண்டால் வாய் வராது."

வடிவாகச் சொன்னேன் என்றேன்.

அதன் பின் வான் ஒழுங்காக ஓடியது. ஹீற்றரைக் கொஞ்சம் போட்டேன், கண்ணாடி தெளிந்தது, நேரத்துக்குப் பிள்ளையைக் கூட்டிவந்தேன். மனிதனாகிவிட்டேன் என்று நினைத்தேன்.

பிறகு அந்த ஆண்டின் மோசமான குளிர் வந்தது. மூக்குக்குள் மயிரெல்லாம் ஊசியாக நிற்கும் குளிர். அன்று மத்தியானமே பற்றரி இறங்கத் தொடங்கியது. சார்ஜ் பண்ணும் இடத்தில் ஒரு மெசின் உறைந்து வேலை செய்யவில்லை, மற்றதற்கு வரிசை. கடைசிப் பார்சல்களோடு திரும்பியபோது முன்னால் ஆமைப் படம் எரிந்தது. பற்றரி முடிகிறது, இனி ஊர்ந்துதான் போவேன் என்று அர்த்தம். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். ஒரு பஸ் என்னை முந்திக்கொண்டு போனது. ஸ்ரேரிங்கில் கையால் அடித்தேன். அழுகையும் வந்தது, அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

கார்டரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மகள் பனி உடுப்பு, தொப்பி, சப்பாத்து எல்லாம் போட்டபடி வாங்கில் இருந்தாள். உடுப்பு மாட்டி அவ்வளவு நேரமும் இருத்தி வைத்ததில் முகமெல்லாம் வேர்த்திருந்தது. பொறுப்பாளர் அம்மா அதே சிரித்த முகத்தோடு, மன்னிக்க வேண்டும், மாதக் கடைசியோடு இடம் முடிகிறது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, வேலைக்குப் போகும் வழியில், செய்தி கேட்டு அத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். மகளை மடியில் வைத்துக்கொண்டு கொம்பனியை ஏசினார், கார்டரியை ஏசினார், இந்த நாட்டையும் ஏசினார். பிறகு என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஒருத்தருக்கும் சொல்லாதை. அண்டைக்கு அந்தக் குளிருக்கு என்ரை மனம் கேக்கேல்லை. மற்ற வானெல்லாத்தையும் அவங்கட சட்டப்படி விட்டிட்டன். உன்ரையை மட்டும் கழட்டினனான். இல்லாட்டி அது வெடிச்சிருக்கும்."

தேத்தண்ணிக் கோப்பையோடு வந்த மனைவி நடுவழியில் நின்றாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இனி வெடிக்கப்போவது இவள்தான் என்று நான் பயந்தேன். அவள் கோப்பையை அத்தானின் கையில் கொடுத்தாள்.

"அண்ணை, இந்த மாதம் முடிஞ்சாப் பிறகு இரவு வேலை முடிஞ்சு நேரா இங்கை வாங்கோ. மத்தியானம் வரைக்கும் படுங்கோ. நான் வேலைக்குப் போனாப் பிறகு பிள்ளையை நீங்கள்தான் பாக்கோணும். வேறை ஆள் இல்லை."

அதில் அவர் தூக்கம் போகும், அக்காவோடு சேர்ந்து சாப்பிடும் சாப்பாடு போகும். அத்தான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மகளின் தலையைத் தடவிக்கொண்டே, "ஓம், அதுக்கென்ன, வேணுமெண்டா நாளைக்கே வாறன்" என்றார். உதவி செய்யக் கிடைத்ததில் அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். மனைவி குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். அவள் அழுவது அத்தானுக்குக் கேட்கக்கூடாது என்று நான் ரிவியின் சத்தத்தைக் கூட்டினேன்.