இரண்டு விசில் அடித்தால் போகலாம்

இங்கே பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது. நெதர்லாந்துக்கு வந்து மூன்றாண்டு ஆகிறது, இன்னும் எனக்கு அது சரியாகப் படவில்லை. ஏறும்போது ஓர் இயந்திரத்தில் அட்டையைக் காட்டினால் அது கீச்சென்கிறது, கதவு மூடுகிறது, வண்டி பாட்டுக்குக் கிளம்பிவிடுகிறது. யாரைக் கேட்டுக் கிளம்பியது என்று வந்த புதிதில் எனக்குக் கோபமே வரும். முதல் வாரம் என் நிறுத்தத்தில் இறங்கியதும், கைப்பழக்கத்தில் பஸ்ஸின் பக்கத் தகரத்தில் 'பட் பட்' என்று இரண்டு தட்டு தட்டிவிட்டேன். டிரைவர் பதறிப்போய் இறங்கி வந்தார். அடிபட்டதா, உள்ளே எதையாவது விட்டுவிட்டீர்களா என்று கேட்டார். "ஒன்றுமில்லை, நீங்கள் போகலாம்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நான் போகலாம் என்று எனக்குத் தெரியுமே" என்றார். மொத்த பஸ்ஸும் ஜன்னல் வழியாக என்னை வேடிக்கை பார்த்தது.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு அந்தத் தட்டு புரியும். என் அப்பா, சேலத்திலிருந்து ஏற்காடு வழியாக எங்கள் மஞ்சக்குட்டைக்கு வரும் பஸ்ஸில் கண்டக்டர். அதே வண்டிக்கு டிரைவர் ராமசாமி மாமா. அடிவாரம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பம். விடுமுறை நாளென்றால் மலைப்பாதை பழகாத யாராவது காரை வளைவின் நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு முழிப்பார்கள். அப்போது பஸ்தான் பின்னால் போக வேண்டும். மாமாவுக்கு முன்னால் இருப்பது மட்டும் தெரியும், இறங்கி நிற்கும் அப்பாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளம் மட்டும் தெரியும். "வரலாம், வரலாம், ஒடிச்சு வரலாம்... ஹோல்டான்!" தகரத்தில் ஓங்கி ஒரு தட்டு. கொஞ்சம் முன்னால், மறுபடி கொஞ்சம் பின்னால். கடைசியில் அப்பா படியில் தொற்றிக்கொண்டு இரண்டு விசில் அடிப்பார், வண்டி நகரும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பின் சீட்டிலிருந்து இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் பயந்ததில்லை. எனக்கு அது அவ்வளவு பிடிக்கும்.

நான் இருக்கும் இந்த ஊர் அப்படியே தட்டை. மேசையில் வைத்த பென்சில்கூட வைத்த இடத்தில் கிடக்கும். ஆனால் நிலத்தில் பெரும்பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே. கடல் ஏறும்போது கால்வாய்களை அடைக்கப் பெரிய பெரிய இரும்புக் கதவுகள் வைத்திருக்கிறார்கள். அந்தக் கதவுகளைக் கம்ப்யூட்டருக்குள் மூடிப் பார்ப்பதுதான் என் வேலை. கேட்க எளிதாக இருக்கும். தண்ணீர் தள்ளினால் கதவு வளைகிறது. கதவு வளைந்தால் தண்ணீர் போகும் வழி மாறுகிறது. வழி மாறிய தண்ணீர் வேறு விதமாகத் தள்ளுகிறது. ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றைக் கணக்கிடவே முடியாது. அதனால் எங்களிடம் இரண்டு நிரல்கள். கதவுக்கானது என்னுடையது. தண்ணீருக்கானது அடுத்த மேசை யோஸ்டுடையது. அவனுடைய நிரல் எவ்வளவு தள்ளுகிறது என்று சொல்லும், என்னுடையது எவ்வளவு வளைந்தேன் என்று பதில் சொல்லும். கதவு இறங்கும் ஒவ்வொரு கணத்துக்கும் இரண்டும் ஒத்துப்போகும்வரை மாறி மாறிப் பேசும். ஐம்பது சுற்றுக்குள் ஒத்துப்போகாவிட்டால் நின்றுவிடும்.

எங்களுடையது ஒத்துப்போகவே இல்லை. ஆரம்பத்தில் கதவு ஆடிய ஆட்டம் இருக்கிறதே, சாமி வந்ததுபோல் ஆடித் திரையை விட்டே பறந்துபோகும். இலையுதிர்கால முடிவில் எங்கள் திட்டத்துக்குப் பணம் தரும் நீர் வாரியத்தார் வந்து பார்ப்பதாக இருந்தது. அதற்குள் கதவு மூடாவிட்டால் இந்த இரட்டை நிரலைக் கைவிட்டு, எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கணக்கிடும் ஒரு பெரிய நிரலை வாங்கிவிடுவார்கள். என் பதவி அதோடு முடியும், விசாவும் முடியும். அம்மாவுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. எனக்கு இருந்தது. இந்த வேலை எனக்கு உயிர். மூட்டையைக் கட்டிக்கொண்டு தோற்றுப்போய் ஊர் திரும்ப எனக்கு விருப்பமில்லை.

ஒரு திங்கட்கிழமை பார்த்தால் கதவு ஆடுவதை நிறுத்தியிருந்தது. ஆனால் இப்போது வேறு தொல்லை. இரண்டு நிரலும் ஒத்துப்போகிற பக்கமாகத்தான் போகும், ஆனால் ஆமை வேகம். ஐம்பது சுற்று முடிந்து நின்றுவிடும். அப்படியே மூன்று வாரம் ஓடியது. அவனுடைய தண்ணீர்தான் மந்தம் என்று நான் நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. ஏனுங்க, என்னங்க என்று பேசி வளர்ந்த வாய்க்கு, வேலை செய்பவனைப் பார்த்து நீ செய்தது சரியில்லை என்று சொல்ல வராது. யோஸ்ட் அப்படியில்லை. நான் கொண்டுபோன எலுமிச்சைச் சாதத்தை ருசி பார்த்துவிட்டு, "இது எனக்குப் பிடிக்கவில்லை" என்று முகத்துக்கு நேரே சொன்னவன்.

மூன்றாவது வார ஞாயிற்றுக்கிழமை அப்பாவை வீடியோவில் கூப்பிட்டேன். ஏற்காடு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ராமசாமி மாமாவோடு நின்றுகொண்டிருந்தார். அன்று ஏதோ வளைவில் ஒரு கார்க்காரனுக்காக நான்கு முறை முன்னும் பின்னும் போக வேண்டியிருந்ததாம். அந்தச் சூடு இருவருக்கும் ஆறவில்லை.

"நான் ஒரு அடி வரலாம்னா இவன் அரையடிதான் வருவான் கண்ணு. என்ற பேச்சை என்னிக்கு முழுசா கேட்டான்?"

"பொறவு? உங்கொப்பன் சொல்றபடி முழுசா வந்திருந்தா என்னிக்கோ பள்ளத்துல கெடந்திருப்போம் சாமி," என்று மாமா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"பாதிதான் வருவான்னு தெரிஞ்சுதான் நான் ரெண்டடியாச் சொல்றது!"

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அது மாமாவுக்குத் தெரியுங்களாப்பா?"

"தெரியாம என்ன? நொம்ப வருசமாத் தெரியும். தெரிஞ்சாத்தான வண்டி ஊடு வந்து சேரும்?"

சொல்லிவிட்டு அவர்கள் யார் டீக்குக் காசு கொடுப்பது என்று அடுத்த சண்டைக்குப் போய்விட்டார்கள். எனக்குத்தான் சிரிப்பு பாதியில் நின்றது. ஏனென்றால் நானும் ஒரு பாதி வைத்திருந்தேன். கதவு ஆடுவதை நிறுத்திய அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய வாரக் கடைசியில், தண்ணீர் சொல்லும் மாற்றத்தில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி என் நிரலை மாற்றியிருந்தேன். எங்கள் துறையில் இது எல்லோரும் செய்வதுதான், தப்பே இல்லை. ஆனால் யோஸ்டிடம் சொல்லவில்லை. உன் எண்களை நான் முழுசாக நம்பவில்லை என்று எப்படிச் சொல்வது?

திங்கட்கிழமை காலை அவன் கோட்டைக் கழற்றும் முன்பே கேட்டேன். "நான் அனுப்பும் எண்களை அப்படியே எடுத்துக்கொள்கிறாயா?"

அவன் காது இரண்டும் சிவந்துவிட்டது. "பாதி," என்றான்.

"எப்போதிலிருந்து?"

"கதவு ஆடுவதை நிறுத்திய அந்த வாரக் கடைசியிலிருந்து."

"எலுமிச்சைச் சாதத்துக்கு வாய் இருந்ததே, இதை ஏன் சொல்லவில்லை?"

"நீ எல்லாவற்றுக்கும் சரி சரி என்றே சொல்கிறாய். உனக்கு எது வலிக்கும் என்று எனக்குத் தெரிவதே இல்லை," என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. மூன்று வருடம் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பாதிதான் நம்பியிருக்கிறோம். அதையும் ஒரே வாரக் கடைசியில், ஒருவருக்கொருவர் தெரியாமல் செய்திருக்கிறோம். நானும் என் பாதியைச் சொன்னேன். அவன் நாற்காலியில் சாய்ந்து அப்படிச் சிரித்தான். பாதியில் பாதி கால். கால் காலாக நகர்ந்தால் ஐம்பது சுற்றுக்குள் எப்படி வந்து சேரும்?

ஒரு பாதிதான் இருக்க வேண்டும், அது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். "நான் டிரைவர், நீ கண்டக்டர்" என்றேன். கண்டக்டர் என்றால் என்ன என்று அவனுக்கு அரைமணி நேரம் விளக்க வேண்டியிருந்தது. அவன் தன் பாதியை நீக்கிவிட்டான், நான் என்னுடையதை வைத்துக்கொண்டேன். ஓடவிட்டோம். ஒன்பதாவது சுற்றில் தண்ணீரும் கதவும் ஒத்துப்போயின. அடுத்த கணத்துக்கு எட்டுச் சுற்று, அதற்கடுத்து ஏழு. கதவு ஒரு தடவை நடுங்கி, மெல்ல இறங்கி, மூடியது. யோஸ்ட் 'பட் பட்' என்று மேசையில் தட்டினான். நான் கத்திய கத்தலில் எதிர் அறைக்காரர்கள் ஓடி வந்தார்கள். அவ்வளவு சந்தோஷம் எனக்கு இந்த நாட்டில் அதற்கு முன் வந்ததில்லை.

நீர் வாரியத்தார் வந்தார்கள், பார்த்தார்கள், திட்டத்தை இரண்டு வருடம் நீட்டித்தார்கள். வீட்டுக்குச் சொன்னபோது அப்பா குதித்தார். அம்மா மட்டும், "அப்ப இன்னும் ரெண்டு வருசமா கண்ணு?" என்றாள். இருந்தாலும் எனக்கு மகிழ்ச்சி குறையவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு நிரலும் ஒத்துப்போய்க் கதவு மூடும்போது ஒரு சத்தம் வேண்டும், உன் அப்பாவின் விசிலை வாங்கு என்று யோஸ்ட் பிடிவாதம் பிடித்தான். அப்பா பஸ் ஸ்டாண்டில் நின்று போனைப் பிடித்துக்கொண்டு இரண்டு விசில் அடித்தார். நின்றிருந்த பஸ்ஸில் சீட்டில் உட்கார்ந்திருந்த ராமசாமி மாமா வண்டியை எடுத்துவிட்டார். "டேய் மாப்ள, நிறுத்துறா! புள்ளைக்கு அனுப்பறதுக்குடா!" என்று கத்திக்கொண்டே அப்பா பின்னால் ஓடியதுவரை பதிவாகிவிட்டது. "விசில் அடிச்சா எடுக்கறதுதான்டா என்ற வேலை!" என்று மாமாவின் குரலும் இருக்கிறது. யோஸ்ட் ஒரு நொடிகூட வெட்டவில்லை.

இப்போது தினமும் எங்கள் அறையில் இரண்டு விசில் கேட்கிறது, இன்ஜின் உறுமுகிறது, அப்பா ஓடுகிறார். மற்றவர்களுக்குப் பழகிவிட்டது, யாரும் தலை நிமிர்வதில்லை. எனக்குத்தான் ஒவ்வொரு முறையும் வலது கை தானாக மேலே போய்க் கம்பியைத் தேடுகிறது, உடம்பு பள்ளத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்கிறது. சாய்ந்தபடியே ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறேன். கண்ணுக்கு எட்டியவரை சமதரை.