அதிர்ந்து பேசாதவர்

சவூதியில், ஜுபைல் கேம்ப்பில் ஒன்றாகக் கிடந்த நாங்கள் இப்போது ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். மிச்சம் ஒரு வாட்ஸ்அப் குழுதான். ஜித்தா ஷரஃபியாவில் கடை வைத்திருக்கும் நண்பர் பழைய தமிழ்ச் சங்க மலர்களைச் சேர்த்து வைத்திருக்கிறார். வெள்ளிதோறும் அதிலிருந்து ஒரு இரங்கல் குறிப்பைப் படம் பிடித்துப் போடுவார். கீழே நாங்கள் திருத்தம் போடுவோம்.

போடாமல் என்ன செய்வது? அவற்றைப் படித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். செத்தவர் எல்லாரும் பண்பாளர், எல்லாரும் பழகுவதற்கு இனியவர். சீட்டாட்டத்தில் தோற்றால் கட்டிலை உதைக்கிறவர், அடுத்தவன் சட்டியில் மீன் துண்டைத் துழாவுகிறவர் எல்லாம் எங்கே போனார்கள்? நாங்கள் குடித்தனம் நடத்தியது அவர்களோடுதான். வயிறு வலிக்கச் சிரித்து அவர்களை நினைத்துக்கொள்வதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

போன மாதம் எங்கள் பைப் ஃபிட்டர் ஒருவனின் குறிப்பு வந்தது. 'அதிர்ந்து பேசாதவர்' என்றிருந்தது. "யாரு, இவனா? இவன் சிரிச்சா நைட் டியூட்டி முடிச்சுத் தூங்குறவன் மூணு ரூம் தள்ளியிருந்து எந்திரிச்சு வந்து கும்புடுவான்" என்று தட்டிவிட்டேன்.

யாரோ கேட்டார்கள் என்று கடைக்காரர் புதிதாகச் சேர்த்திருந்த எண்ணிலிருந்து பதில் வந்தது. "அங்கிள், அது எங்க அப்பா."

உடனே அவளை அழைத்தேன். துபாயில் நர்ஸாம். அப்பா இறந்தபோது அவளுக்கு இரண்டு வயதாம். அந்தக் குறிப்பைத்தான் அம்மா வீட்டில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். லீவில் ஊருக்குப் போகும்போது பெரியவர்கள் முன்னால் அவன் வாயே திறக்க மாட்டானாம். வீடு கண்ட ஆள் அவ்வளவுதான். அந்தப் பிள்ளை பொத்தி வைத்திருந்த அப்பாவைக் கெடுத்துவிட்டேனே என்று பதறி மன்னிப்புக் கேட்டேன்.

அவள் அதைக் காதில் வாங்கவேயில்லை. "நெஜமாவே சிரிப்பாங்களா அங்கிள்? எப்படிச் சிரிப்பாங்க?"

அதை எப்படிச் சொல்வது? நானும் துபாய்தான்; ஞாயிற்றுக்கிழமை சத்வாவில் ஒரு ஹோட்டலுக்கு வரச் சொன்னேன். துபாயிலிருக்கும் பழைய ஆட்கள் மூன்று பேரும் பிரியாணியை வைத்துக்கொண்டு ஆளாளுக்குச் சொல்லிப் பார்த்தோம். ஒருத்தருக்கும் வரவில்லை. கடைசியில் நான் மூக்குக் கதையை எடுத்தேன்.

அவன் வந்து சேர்ந்த முதல் வாரம். அரபி ஃபோர்மேன் ஏதோ கோபத்தில் அவனைப் பார்த்து "மாஃபி முக்!" என்று கத்தினார். மூளை இல்லையா என்று அர்த்தம். இவனுக்குத் தெரிந்த அரபியோ, மாஃபி என்றால் இல்லை என்பது மட்டும். மூக்கு இல்லை என்கிறார் போல என்று தன் மூக்கை இரண்டு விரலால் பிடித்து இழுத்துக் காட்டி, "இருக்கே சார்!" என்றான்.

அவள் வெடித்துச் சிரித்தாள். பக்கத்து மேஜைக்காரர் டீயைச் சிந்திவிட்டார். சர்வர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். அவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சாரி அங்கிள். பொம்பளப் பிள்ள இப்படியா சிரிக்கிறது, யாரு மாதிரி வந்து பொறந்தியோன்னு அம்மா திட்டிக்கிட்டே இருப்பாங்க."

நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"கைய எடும்மா," என்றேன். "இப்படித்தான் சிரிப்பான்."