டாக்டர் கமாலுக்குச் சொன்ன பெயர்

ஒரு நோயாளிக்கு மயக்க மருந்து ஏற்றிக்கொண்டிருந்தபோது நர்ஸ் என் காதருகே வந்து, டாக்டர் கமால் போய்விட்டார் என்றார். கையிலிருந்த வேலையை விட முடியாது. அந்த நோயாளி கண் விழித்துப் பேசிய பிறகுதான் அழுதேன். அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு இது புரியும்.

அவர் பழவேற்காட்டுக்காரர். அவர் செய்த தைராய்டு அறுவைகளுக்கெல்லாம் மயக்க மருந்து கொடுத்தவள் நான். கத்தியை எடுக்கும் முன், "அவசரம்னா வெளிய போயி நில்லு" என்று தன்னைத்தானே அதட்டிக்கொள்வார்.

பழவேற்காட்டை அடுத்த கோட்டைக்குப்பத்துத் தேசம்மாவை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். தெருத்தெருவாகக் கூவி மீன் விற்பவர். தைராய்டில் வந்த புற்று, கழுத்தின் பெரிய ரத்தக்குழாய்க்குள் புகுந்து அடைத்திருந்தது. துண்டு உடைந்தால் நேரே இதயத்துக்குப் போய்விடும். பக்கத்திலேயே குரல் நரம்பு. குரல் போனால் பிழைப்பே போச்சு என்று தேசம்மா முன்பே சொல்லியிருந்தார். டாக்டர் அந்தக் குழாயை மேலேயும் கீழேயும் கட்டிய பிறகுதான் புற்றைத் தொட்டார். சுரப்பியோடு அந்தக் குழாய்த் துண்டையும் சேர்த்தே எடுத்தார். ரத்தத்தை மறுபக்கக் குழாய் பார்த்துக்கொள்ளும் என்றார்.

மயக்கம் தெளிந்ததும் குரலைச் சோதிக்க, நோயாளியின் பெயரைக் கேட்பது அவர் வழக்கம். அன்றைய பதற்றத்தில், "உன் வூட்டுக்காரர் பேரு இன்னா?" என்று கேட்டுவிட்டார். தேசம்மா உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினார். மறுபடி கேட்டும் பதில் இல்லை. டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நரம்பு போய்விட்டதா என்று என்னிடம் கேட்டபோது அவர் குரல்தான் எழும்பவில்லை. அதைப் பார்க்கத் தேசம்மாவுக்கே மனசு கேட்கவில்லை.

"அவரு பேர நான் எப்டி சார் சொல்றது? வேற எதனா கேளுங்க."

கரகரப்பு இருந்தது. ஆனால் குரல் இருந்தது. அந்தக் கரையில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள் என்பது, அங்கேயே பிறந்து வளர்ந்த மனிதருக்கு மறந்துபோயிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். எனக்கு அவர்மேல் அத்தனை பிரியம் வந்தது அன்றுதான்.

அடக்கத்தன்று, பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைக்குப் பின்தெருவில் இருக்கும் டாக்டர் வீட்டு வாசலுக்குத் தேசம்மா கணவரோடு வந்திருந்தார். கழுத்துத் தழும்பு லேசாகத் தெரிந்தது. அவர் உடல் இருந்த ஜனாஸாவைத் தூக்கும் நேரத்தில், "அன்னிக்கி கேட்டீங்க, சொல்லல சார்" என்று சொல்லிவிட்டு, கணவரின் பெயரை எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். கணவர் தலைகுனிந்து அழுதார்.

அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். அது டாக்டருக்குச் சொன்னது. ஒரு பதிலுக்காக ஸ்டூலில் காத்திருந்த அவர் முகத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.