ஏலக்காய் காய ஒரு டிரான்சிஸ்டர்

கம்பெனிக்காரன் போர்டில் பற்றவைக்கிற ஒரு மூன்று கால் டிரான்சிஸ்டரைச் செய்வதை நிறுத்திவிட்டுப் போய்விடுவான். அது செத்தால் பதிலுக்கு ஒன்று தேடி அலைகிறவன் ரிப்பேர்க் கடைக்காரன். இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அந்த அலுப்பைச் சொல்லவே வேண்டாம். கேரள மலையில், வண்டன்மேட்டில் போன மழைக்காலத்தில் எனக்கு வாய்த்த ஒரு நாளைக் கேளுங்கள்.

வெளுக்கிற காய்

செல்லத்தாய் கொஞ்ச நிலத்தில் ஏலக்காய் போட்டிருக்கிறவள். காலையிலேயே ஒரு போர்டை முந்தானையில் பொதிந்து கொண்டுவந்தாள். காய் உலர்த்துகிற டிரையரில் ப்ளோயரை ஓட்டுகிற போர்டு. இந்தத் தடவை பறித்த காய் முழுவதும் பாதி ஈரத்தோடு உள்ளே கிடக்கிறது. சாயங்காலத்துக்குள் காற்று ஓடாவிட்டால் பச்சை வெளுத்துவிடும்; வெளுத்த காயை வியாபாரி கையால் ஒதுக்கிவிடுவான்.

ஒரு டிரான்சிஸ்டர் கருகியிருந்தது. "தாயி, இந்த நம்பர் இப்ப வர்றதில்ல" என்றேன். அவள் குடையை மடக்கிக்கொண்டே சொன்னாள்: "அண்ணாச்சி, அதே பேரு எதுக்கு? அதே வேலயப் பாத்தாப் போதும்."

மினுமினுப்பு

மலைக்குக் கீழே கம்பம் டவுனில் பார்ட்ஸ் விற்கிற கடைக்குப் போன் போட்டேன். அதே நம்பர் இருக்கிறது என்று ஜீப்பில் கொடுத்துவிட்டான். மதியம் வந்து சேர்ந்தது. புத்தம் புதுசு, ஆனால் கையில் வைத்தால் கனமே இல்லை. பஞ்சில் தின்னர் தொட்டுத் துடைத்தேன். நம்பர் பஞ்சோடு வந்துவிட்டது. அடியில் ஏதோ சோப்ளாங்கி நம்பர். மாட்டினால் ப்ளோயர் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் வெடித்துவிடும். திரும்பக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். அவன் பொறுமையாகக் கேட்டான்: "நல்லாத்தானண்ணே இருந்துச்சு, அத ஏன் தொடச்சீங்க?"

பின்னிய கால்

வோல்ட்டும் ஆம்பியரும் ஒத்துப்போகிற ஒன்று கடையிலேயே இருந்தது. நாள் முழுக்க எனக்குப் பாட்டுப் போடுகிற ஆம்ப்ளிஃபயருக்குள். ஓடிக்கொண்டிருந்த பாட்டு முடிகிறவரை கேட்டேன். பிறகு சுவிட்சை அணைத்துக் கழற்றினேன்.

கால் வரிசை சேரவில்லை. ஓரக்கால் இரண்டும் இடம் மாறி இருந்தன. திருப்பி வைக்கலாமென்றால், சூடு தணிக்கிற தகட்டில் முதுகு ஒட்டாது. கால்கள் ஒன்றோடொன்று படாமல் டியூப் மாட்டி, குறுக்கே பின்னிப் பற்றவைத்தேன். பக்கத்து மொபைல் கடை பிஜு எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "சேட்டா, இது ரிப்பேர் அல்ல, பிரார்த்தனயாணு."

பச்சை

இருட்டுவதற்கு முன் செல்லத்தாய் வீட்டுக்குப் போய் மாட்டினேன். ப்ளோயர் ஒருதரம் முனகிவிட்டு ஓடியது. நின்றுவிடுமோ என்று அவளும் தூங்கவில்லை; வீட்டில் படுத்திருந்த நானும் தூங்கவில்லை.

மறுநாள் ஒரு கை காயைத் தாளில் மடித்துக் கொண்டுவந்து மேஜையில் கொட்டினாள். பச்சை அப்படியே இருந்தது. நான் ஒன்றை எடுத்து முகர்ந்துகொண்டிருக்கையில் அவள் கடையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "ஏன் அண்ணாச்சி, பாட்டுச் சத்தத்தயே காணோம்? பெட்டி ரிப்பேருன்னா நல்ல ஆளாப் பாத்துக் குடுக்க வேண்டியதுதான?"

அந்த நல்ல ஆள் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறான். ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிய அந்த நம்பரையும் கம்பெனிக்காரன் நிறுத்திவிட்டானாம்.