எலாஸ்டிக் கட்டிய லைட்

பிரிசில்லாவுக்கு நிற்கிற வேலை ஆகாது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள் முன்னால் நின்றவள். காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்ததும் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உட்கார்ந்து செய்கிற வேலை கொடுங்கள் என்று கம்பெனியில் கேட்டுப் பார்த்தாள். அப்படி ஒன்றும் இல்லை என்றார்கள்.

அதற்குப் பிறகு கைகொடுத்தது பிசிறு வெட்டுகிற வேலை. ராஜா முகமது தன் ஆட்டோவில் குழந்தைகள் பனியனைப் பண்டல் பண்டலாகக் கொண்டுவந்து இறக்குவார். தையலில் தொங்கும் நூல் முனைகளைச் சின்னக் கத்தரியால் வெட்டி, உதறி, மடித்து வைத்தால் மறுபடி வந்து எடுத்துப் போவார். பண்டல் கொடுக்கும் வீடுகளுக்கு அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான். அடுப்பு இருக்கிற அறையில் துணி இருக்கக் கூடாது. நல்லூரில் பிரிசில்லா குடியிருந்த லைன் வீட்டுக்கு இருப்பதே இரண்டு அறை. ஒன்று சமையலுக்கு. அதனால் முன்னறையில் ஒரு சுவர் ஓரம் பண்டல்கள், எதிர்ச் சுவர் ஓரம் கட்டில். கட்டிலில் பகல் முழுக்க அவள் கணவன் டேனியல் தூங்குவான்.

டேனியலுக்கு நிட்டிங் மில்லில் நைட் ஷிப்ட். சைக்கிளில்தான் போக்குவரத்து. போன மழைக்காலத்தில் காங்கயம் ரோட்டில் ஒரு டெம்போ இருட்டில் உரசி, சைக்கிளோடு அவனைச் சாக்கடையில் தள்ளிவிட்டுப் போனது. "உங்களை அவனுக்குத் தெரியோணுமில்லீங்க? கறுப்புச் சட்டை, கறுப்புச் சைக்கிள்" என்று சண்டை போட்டு, சைக்கிளில் மாட்டச் சார்ஜ் போடுகிற லைட் ஒன்றை வாங்க வைத்தவள் பிரிசில்லாதான்.

அந்த லைட் ஒரு வேகத்தடையில் கழன்று தார் ரோட்டில் விழுந்தது. மூடி இளகி, வாய் பிளந்துகொண்டது. ஆனால் எரிந்தது. எரிகிற லைட்டைத் தூக்கிப்போட டேனியலுக்கு மனம் வரவில்லை. வீட்டில் கிடந்த ஜட்டி எலாஸ்டிக்கில் ஒரு துண்டை எடுத்து இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டான். திருப்பூரில் எது இளகினாலும் எலாஸ்டிக்தான். செருப்பு வார், டிபன் கேரியர், பைபிள் அட்டை வரைக்கும்.

தினமும் காலையில் வந்ததும் லைட்டைச் சுவர் பிளக்கில் போடுவான். தரையில் வைத்தால் கால் படும், கண்ணாடி கீறும் என்று மேல் பண்டலின் மேல் மெத்தென்று வைப்பான். சார்ஜ் ஏறும்போது விட்டுவிட்டு எரியும் சிவப்புப் புள்ளி பகல் தூக்கத்துக்கு இடைஞ்சல். அதனால் அதன்மேல் ஒரு பனியன் துண்டைப் போட்டு மூடிவிட்டுத்தான் படுப்பான். மில்லுக்குள் தீப்பெட்டியோடு போனால் வாட்ச்மேன் திருப்பி அனுப்புவான். மெஷினில் படியும் பஞ்சை மணிக்கொரு தரம் காற்றடித்து ஊதச் சொல்லிப் புது ஆட்களை விரட்டுகிறவனே டேனியல்தான். வீட்டில் அந்த நினைப்பு வரவில்லை. பிரிசில்லாவுக்கும் வரவில்லை.

ஒரு நாள் காலை அவளும், அதே ராஜா முகமதுவிடம் பண்டல் வாங்குகிற பக்கத்து வீட்டு நூர்ஜானும் வாசற்படியில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். நூர்ஜான் மூக்கை உறிஞ்சினாள்.

"ஏக்கா, நகப்பாலிஷ் போட்டிருக்கியா?"

"ஆமா, போட்டுட்டு உங்கூடப் பிசிறு வெட்டறேன். போடி."

"இல்லக்கா, நெசமாத்தான். இனிப்பா வாசம் வருது. அண்ணன் ஏதாச்சும் பூசிட்டுப் படுத்திருக்குதா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் அந்த வாசத்தோடு துணி கருகுகிற வாசமும் சேர்ந்தது. பிரிசில்லா திரும்பிப் பார்த்தாள். மேல் பண்டலில் கிடந்த துண்டின் நடுவிலிருந்து மெல்லிய புகை கிளம்பிக்கொண்டிருந்தது. கட்டிலில் டேனியல் சுவர்ப் பக்கம் திரும்பிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

எழுந்த வேகத்தில் முதலில் சுவிட்சை அணைத்தாள். புகை நிற்கவில்லை. லைட்டுக்குள் எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி சத்தம். கையால் தொடத் தைரியம் இல்லை. பண்டலின் முடிச்சைப் பிடித்து, லைட் மேலே இருக்கும்படியே தரையோடு தரையாக இழுத்தாள். வயர் விறைத்துப் பிடுங்கிக்கொண்டது.

"ஏனுங்க! எந்திரிங்க! நூரு, தண்ணி!"

வாசல் தாண்டிச் சிமெண்டுக் களத்துக்கு வந்ததும் லைட் புஸ்ஸென்று சீறித் தீயைக் கக்கியது. பண்டலின் மேல்துணி பற்றிக்கொண்டது. தொட்டியில் மொண்டு நூர்ஜான் குடம் குடமாக ஊற்றினாள். அணைந்த மாதிரி இருந்து மறுபடி சீறியது. மறுபடி ஊற்றினாள். டேனியல் லுங்கியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான்.

ஈரக் கரியில் எலாஸ்டிக்கின் முடிச்சு மட்டும் மிஞ்சிக் கிடந்தது. பிரிசில்லா அதை ஒரு குச்சியால் தள்ளினாள்.

"இது இறுகிப் போச்சுன்னு உங்களுக்குத் தெரியவே இல்லீங்களா?"

"முந்தாநேத்து முடிச்சைக் கொஞ்சம் இளக்கி விட்டேன்" என்றான் டேனியல். "கட்டுப் பத்தலியாட்டம் இருந்துது."

"உள்ள பேட்டரி வீங்கிட்டே வந்திருக்குது. எலாஸ்டிக்கு அதுங்கூடச் சேந்து நீண்டு குடுத்திருக்குது. கயிறு கட்டியிருந்தீங்கன்னாக்கூட அறுத்துக்கிட்டுக் காட்டியிருக்கும்."

அவன் தான் படுத்திருந்த கட்டிலையும் பண்டல்கள் இருந்த இடத்தையும் மாறிமாறிப் பார்த்தான்.

மத்தியானம் ராஜா முகமது வந்தார். மறைக்க ஒன்றுமில்லை, களத்தில் கரி அப்படியே இருந்தது. "ஆளுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?" என்று முதலில் கேட்டார். பிறகு மிச்சப் பண்டல்களை ஒவ்வொன்றாகத் தூக்கி ஆட்டோவில் போட்டார்.

"பாய், நானு இன்னும் வெட்டி முடிக்கலீங்க."

"கோவிச்சுக்காதீங்க்கா. பொருளு என்னுதா இருந்தாப் பரவால்ல. கம்பெனிது. இந்த ஊட்ல இனி வெக்க முடியாது."

அந்த வேலை போனால் அவளுக்கு உட்கார்ந்து செய்ய வேறு வேலை இல்லை. அது அவருக்கும் தெரியும். அதனால்தான் முகத்தைப் பார்க்காமல் ஆட்டோவைக் கிளப்பினார்.

அன்று சாயங்காலம் டேனியல் லைட் இல்லாமல் கிளம்பினான். "இனி அந்தச் சனியனே வேண்டாம். மில்லுக்குள்ள சார்ஜ் போடவும் உடமாட்டாங்க. நானு ஓரமாப் போய்க்கறேன்" என்றான். மறுநாள் காலையில் ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு முன்பே பிரிசில்லா தெருமுனைக்குப் போய் நின்றாள். அவன் சைக்கிள் கண்ணில் படும்வரை நின்றாள். வீட்டுக்கு நடந்து வரும்போது கெண்டைக்கால் கல்லாகிவிட்டது.

"இப்புடித் தினமும் நிக்க என்னால ஆகாதுங்க. லைட்டு வாங்கோணும். ஆனா அது ஊட்டுக்குள்ள வரக் கூடாது."

"பின்ன எங்க வெப்ப, சர்ச்சுலயா?"

"துவைக்கிற கல்லு மேல."

களத்தில் துவைக்கிற கல்லை ஒட்டி, தகரக் கூரையின் கீழ் தண்ணீர் மோட்டாருக்கான பிளக் இருந்தது. லைனின் சொந்தக்காரர் குமாரசாமியிடம் போய்க் கேட்டாள். கரியை அவரும் வந்து பார்த்திருந்தார். "ஊட்டைக் கொளுத்தறதுக்கு இது பரவால்ல, போட்டுக்கோ சாமி. மழை பேஞ்சா மட்டும் போடாத" என்றார்.

புது லைட் வந்தது, அதற்கே உரிய வயரோடு. பிரிசில்லா பேச்சைச் சுருக்கமாக வைத்துக்கொண்டாள். "சார்ஜ் நாந்தான் போடுவேன், நாந்தான் எடுப்பேன். கீழ உழுந்துச்சுன்னா எங்கிட்டச் சொல்லோணும். இன்னும் எரியுதேங்கற பேச்சே கூடாது." முன்னறைப் பிளக்கின் ஓட்டைகள்மேல் அகலமாக டேப்பை ஒட்டினாள். பிறகு நூர்ஜானை ராஜா முகமதுவிடம் அனுப்பினாள். பண்டல் வேண்டாம், வந்து பார்த்துவிட்டுப் போனால் போதும் என்று.

அவர் நான்கு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் வெறும் ஆட்டோவோடு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு முன்னறைக்குள் போய்ப் பிளக்கின் டேப்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வெளியே வந்து கல்லையும் லைட்டையும் பார்த்தார்.

"சார்ஜ் ஏறும்போது நீங்க எங்கீங்க்கா இருப்பீங்க?"

"இங்கயேதான். நீங்க பண்டல் குடுத்தீங்கன்னாப் படியில உக்காந்து பிசிறு வெட்டிட்டே பாத்துக்குவேன். குடுக்காட்டிச் சும்மா உக்காந்து பாத்துக்குவேன்."

"பாய், இவங்க பண்டலைக் கொண்டுபோயி வேற ஊட்ல குடுத்தீங்களே, என்னாச்சுங்க?" என்றாள் நூர்ஜான், கத்தரியை நிறுத்தாமல்.

"அதைக் கேக்காத. பிசிறு வெட்டச் சொன்னாப் பனியனையே வெட்டி வெச்சிருக்குது." மறுபடி முன்னறையை எட்டிப் பார்த்தார். "பிளக்கு இருக்கற செவுரோரம் பண்டல் ஆகாதுங்க்கா. டேப்பு ஒட்டியிருந்தாலும்."

"அந்தச் செவுரு வேண்டாம். கட்டில் மேல வெச்சுருங்க."

ராஜா முகமது கட்டிலைப் பார்த்தார், அதில் உட்கார்ந்திருந்த டேனியலைப் பார்த்தார்.

"அப்ப நானு?" என்றான் டேனியல்.

"உங்களுக்குத் தரை. பண்டலுக்கு மேல எதையும் வெக்காம இருக்கறதுக்கு அதுதான் நல்லதுங்க."

சாயங்காலம் பண்டல்கள் வந்து இறங்கின. பாதிதான். மீதியைப் பிறகு பார்க்கலாம் என்றார் ராஜா முகமது. பிரிசில்லாவும் அதற்குமேல் கேட்கவில்லை.

மறுநாள் டேனியல் கட்டிலின் கீழே பாய் விரித்து, பனியன்களுக்கு அடியில் குறட்டை விட்டான். வெளியே கல்லின்மேல் சிவப்பாக விட்டுவிட்டு எரிந்த புள்ளி பச்சையாகி நின்றது. பிரிசில்லா கத்தரியை வைத்துவிட்டுப் போய் வயரைப் பிடுங்கினாள். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோலப் புறங்கையை லைட்டின்மேல் வைத்துப் பார்த்தாள். சூடில்லை. லைட்டைச் சைக்கிளின் ஹேண்டிலில் மாட்டிவிட்டுப் படிக்குத் திரும்பி உட்கார்ந்தாள்.

"அடுத்த பண்டலைப் பிரிக்கட்டாக்கா?" என்றாள் நூர்ஜான்.

"பிரி" என்றாள்.