சுமையோடு கிளப்பிக் காட்டுங்க

வசந்தா இறந்த செய்தியை நன்னிலத்திலிருந்து அவர் தம்பி போனில் சொன்னார். "அக்கா காலையில போயிட்டாங்க சார். மில் ஆளுங்களுக்கு நீங்களே சொல்லிடுங்க." ஆலையில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் சர்க்கரை ஆலையில் அவர் மின் பொறியாளர். நான் இயந்திரப் பிரிவு. கரும்பு அரைக்கும் உருளைகளை நீராவி டர்பைன்கள் சுழற்றிய காலம் அது. அவற்றுக்குப் பதிலாக மின் மோட்டாரும், கரும்பு வரத்துக்கேற்ப அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவும் வைப்பதென்று முடிவானது. எந்த டிரைவ் என்று வசந்தாதான் சொல்ல வேண்டும். தேர்வு தவறினால் பருவத்தின் நடுவில் அரவை நிற்கும். விவசாயிகள் வெட்டிய கரும்பு வண்டியிலேயே காயும்.

ஒரு கம்பெனி தன் டிரைவைச் சோதனைக்குப் பொருத்தியது. வெறும் உருளைகள் அழகாகச் சுற்றின. எல்லோருக்கும் திருப்தி. வசந்தா மட்டும், "கரும்போட நிறுத்துங்க. அந்தச் சுமையோடயே திரும்பக் கிளப்பிக் காட்டுங்க" என்றார்.

"அப்படி அடிக்கடி நடக்காது மேடம்" என்றார் கம்பெனிக்காரர்.

"இங்க கரண்டு போறப்பல்லாம் நடக்கும்."

கிளப்பினார்கள். டிரைவ் சுமை தாங்காமல் 'டிரிப்' ஆகி நின்றது. மறுபடியும் அதேதான். ஓடும்போது உள்ள சுமையைப் பார்த்தால் போதாது, கிளம்பும்போது உள்ள சுமையைத் தாங்கும் பெரிய டிரைவ் வேண்டும் என்று அவர் அறிக்கை கொடுத்தார்.

இயக்குநர் குழுவில் ஒரு மிராசுதார் இருந்தார். விலை குறைந்த அந்த டிரைவே போதும் என்பது அவர் கட்சி. கூட்டத்தில் வசந்தாவைப் பார்த்து, "நீ நம்ம வயல்ல நடவு நட்ட அஞ்சலை மகதானே? எங்களுக்கு நீ சொல்றியா?" என்றார்.

"ஆமாங்க. கூலி கூட்டிக் கேட்டதுக்கு அம்மாவை வயல்ல எறங்கக் கூடாதுன்னுட்டீங்க. அந்த வருஷம் வீட்டுல உலை வைக்கப் பட்ட பாடு எனக்கு மறக்கல. அது வேற பேச்சு. இப்ப டிரைவைப் பாக்கலாம்."

குரல் உயரவில்லை. மேசைக்கடியில் சேலைத் தலைப்பை இறுகப் பிடித்திருந்தார். பக்கத்திலிருந்த எனக்குத்தான் தெரிந்தது. மேலாண் இயக்குநர் அவர் கேட்ட டிரைவுக்கே கையெழுத்திட்டார்.

அடுத்த பருவத்தில் ஒரு மத்தியானம் மின்சாரம் போய், உருளைகள் கரும்பைக் கவ்வியபடி நின்றன. மிராசுதாரின் கரும்பு வண்டிகளும் வாசலில் வரிசையில் நின்றன. அவரே உள்ளே வந்தார். மின்சாரம் வந்ததும் வசந்தா பொத்தானை அழுத்தினார். உருளைகள் முனகின, மெல்ல அசைந்தன, பிறகு சுற்றின.

"இனிமே நிக்காதுங்களேம்மா?" என்றார் மிராசுதார். அவர் வசந்தாவிடம் மரியாதையாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

"நிக்குங்க. நின்னா மறுபடி கெளம்பும்."

அந்த நேரத்தில் 'நிக்காதுங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வசந்தாவுக்குப் பெருமையாக இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை. வசந்தாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான்.