மாசிக் கடைசியில் பூத்த மரம்

மாங்காட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் எட்டு மாங்கன்றுகள் வளர்த்தேன். வேலை அம்பத்தூரில், லேத் பட்டறையில். கன்று வளர்ப்பது என் சொந்தப் பைத்தியம். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். எங்கள் பக்கத்தில் அது முதலில் மாம்பூவைத்தான் துளைக்கிறது. தையில் பூத்ததில் பாதி கருகி உதிர்ந்துவிடும். பனி விலகிய பிறகு பூக்கிற மரம் ஒன்று எனக்கு வேண்டும். அதற்காகப் பங்கனபள்ளிப் பூவில் நீலம் மாவின் மகரந்தத்தைத் தடவி, காய்த்த பழங்களின் கொட்டையை நட்டேன்.

மனைவி ஒரே நிபந்தனை போட்டாள். நல்ல மரம் தெரிந்ததும் மற்றதை எடுத்துவிட்டு அங்கே ஓர் அறை கட்ட வேண்டும்.

ஏழாவது வருஷம் ஆறு மரங்கள் தையிலேயே பூத்துக் கருகின. சமையலறைச் சுவரோரம் நின்ற மரம் மாசிக் கடைசியில் கொத்துக் கொத்தாகப் பூத்து, கருகாமல் நின்றது. எட்டாவது பூக்கவே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை. பங்குனி பிறந்த வாரமே ஆள் வைத்து, சுவரோர மரத்தைத் தவிர எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன்.

அறை எழுந்தது. அந்த மரத்தின் குச்சியை ஒட்டுக் கட்டி, நசரத்பேட்டையில் தோட்டம் வைத்திருக்கும் நண்பனுக்கு நாலு கன்று கொடுத்தேன். மூன்று வருஷம் கழித்து, தை மாதம் போன் செய்தான்.

"மாமே, உன் லேட்டு மரம் நாலும் இப்பவே பூத்துகினு கீது. பனியில கருகவும் ஆரம்பிச்சிடுச்சு."

ஒட்டுக்கன்று தாய்மரத்தைப் போலத்தானே பூக்க வேண்டும்? அவனுக்குப் பராமரிக்கத் தெரியவில்லை என்று மனைவியிடம் கத்தினேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அவர் இன்னா பண்ணுவாரு? நம்ப மரத்துக்கு தெனம் இந்தத் தண்ணி போவுது. ஈரத்துலயே நிக்கிற மரம் லேட்டாத்தான் பூக்கும்."

மண் காய்ந்தால்தான் மா பூக்கும். எனக்கும் தெரிந்த விஷயம்தான். வெட்கமாக இருந்தது. அவள் விடவில்லை.

"காஞ்ச மண்ணுல நின்னுகினு, பங்குனி வரைக்கும் பூக்காம ஒண்ணு இருந்துச்சே. அத்த இன்னாத்துக்கு வெட்டுன?"

அது நின்ற இடத்தில்தான் இப்போது எங்கள் கட்டில் கிடக்கிறது. போய் அதில் படுத்துக்கொண்டேன்.